காயம்பட்ட ஆட்டக்காரருக்கு என்ன விலை?

வங்கிக்கு வந்து பழகியவர்களுக்கு ‘டிராஃப்ட்’ என்றதும் நினைவுக்கு வருவது கேட்பு வரைவோலை. பணத்தை முன்னதாகவே கட்டிவிட்டு, அது உரியவரிடம் போய்ச் சேரும் என்ற உறுதியோடு நாம் பெறும் தாள் அது. விளையாட்டு உலகிலும் அதே சொல் வழங்குகிறது. பொருள்தான் ஏறக்குறைய நேர்மாறானது. அங்கே டிராஃப்ட் என்பது, போட்டித் தொடரில் பங்குபெறும் அணிகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பயன்படுவார் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் இந்திய ஆட்டக்காரர்கள் தொடக்க ஆண்டுகளில் இம்முறையில்தான் அணிகளுக்குப் பிரிந்து சென்றனர். ஓர் அணியின் முறை வருகிறது. எஞ்சியிருப்பவர்களில் எல்லாரினும் திறமை மிக்கவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலுடன் நடக்கிறார். அவரை எடுப்பதா, அடுத்த நிலையிலுள்ள உடல்நலம் மிக்கவரை எடுப்பதா? விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றும் இது, உண்மையில் குறையுள்ள ஒரு சொத்துக்கு விலை வைக்கும் கேள்வி. ஆகவே இவ்விதழின் வாசகர்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள இடமுண்டு.

புனே நகரின் பாலேவாடி அரங்கில் 2014 முதல் 2019 வரை ஆடிய எஃப்.சி. புனே சிட்டி அணியிலிருந்து தொடங்குவோம். அக்காலத்தில் ஒவ்வோர் அணியிலும் உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் முகப்பு வீரராக இருப்பார். புனே அணி 2014இல் பிரான்சின் டேவிட் திரெசகேவையும், அடுத்த ஆண்டு ருமேனியாவின் அட்ரியன் முட்டுவையும் கொண்டுவந்தது. இருவருமே ஆட்ட வாழ்வின் மாலையில் இருந்தவர்கள். 2016இல் ஐஸ்லாந்தின் எய்டர் குட்ஜான்சனுடன் ஒப்பந்தம் செய்தது. செல்சியிலும் பார்சிலோனாவிலும் ஆடியவர். அவ்வாண்டுக் கோடையில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஐஸ்லாந்து காலிறுதி வரை சென்றபோதும் அணியில் இருந்தவர். ஒப்பந்த நாளில் அவர் காயமின்றியே இருந்தார். ஆயினும் தொடர் தொடங்கும் முன்பே காயமுற்று, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் விலகினார். அவர் பிறந்தது 1978 செப்டம்பரில். அந்தத் தொடரின் தொடக்கத்தில் 38 வயது நிறைந்திருந்தது. அணி விரைந்து மாற்று தேடி, லிவர்பூல், யுவென்டஸ் அணிகளில் ஆடிய மாலி நாட்டு முகமது சிசோகோவை அழைத்துவந்தது. அவர் குட்ஜான்சனைவிட ஆறு வயதுக்கு மேல் இளையவர். புனே அவ்வாண்டு எட்டு அணிகளில் ஆறாவதாக முடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்ஜான்சன் ‘காயம்பட்டவர்’ என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அவருடைய ஒப்பந்தத்தில் காயத்துக்கென்று விலை குறைந்திருக்கக் காரணமில்லை. ஆனால் 38 வயதுக் கால்களில் காயத்தின் வாய்ப்பு ஒளிந்தேதான் இருந்தது. மருத்துவச் சீட்டில் எழுதப்பட்ட குறையை எல்லாரும் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். எழுதப்படாத குறைக்கு முழு விலையும் கொடுத்துவிடுகிறார்கள். காயம்பட்டவரை வாங்குவது துணிச்சல் என்றும், நலமானவரை வாங்குவது எச்சரிக்கை என்றும் நாம் பிரித்து வைத்திருப்பது அவ்வளவு சரியன்று.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உடல்நலத்துடன் இருந்தால் ஓர் ஆட்டக்காரரால் அணிக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்ப் பயன் உண்டு எனக் கொள்வோம். மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு 120 லட்சம். இப்போது அவருக்கு முழங்காலில் காயம். முதலாண்டு முழுதும் வீண். எஞ்சிய இரண்டு ஆண்டுகளில் பழைய நிலைக்கு மீள நூற்றுக்கு 50 வாய்ப்பு. பாதித் திறனுடன் ஆட 30. திரும்பியே வராமல் போக 20. முழுமையாக மீண்டால் 80 லட்சம், பாதி மீண்டால் 40 லட்சம், மீளாவிட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 40 உம் 12 உம் சேர்ந்து 52 லட்சம் வரும்.

இதோடு நின்றுவிட்டால் வங்கி வாசகர் நம்மை மன்னிக்கமாட்டார். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரும் பயனுக்கு இன்று முழு மதிப்பு இல்லை. ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று வைத்துக் கழித்தால் 52 லட்சம் ஏறத்தாழ 46 லட்சமாகச் சுருங்கும். முதலாண்டு வெற்றிடத்தை நிரப்ப அவசரமாக ஒருவரைச் சந்தை விலைக்கு மேல் 5 லட்சம் கொடுத்து அழைக்க நேர்ந்தால், 41 லட்சம். ஆக, நலமாக இருந்தால் 120 லட்சம் பெறுபவருக்கு, காயத்துடன் நியாயமான விலை அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலோர் மனக்கணக்கில் கால்பங்கு தள்ளுபடி கிடைத்தாலே மகிழ்ந்துவிடுவார்கள். நலமாக இருந்த காலத்து விலைதான் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும். தள்ளுபடியை அதிலிருந்து அளக்கிறார்கள்.

இன்னொன்று: அந்த 52 லட்சம் என்ற பயன் நடைமுறையில் ஒருபோதும் வராது. வருவது 80, அல்லது 40, அல்லது சுழியம். இத்தகைய கொள்முதல் பத்து செய்யும் அணிக்குச் சராசரி பொருந்தும். ஒன்றே ஒன்று செய்பவருக்குச் சராசரியால் ஆறுதல் இல்லை. ஐந்தில் ஒரு முறை நேரும் அந்தச் சுழியத்தைத் தாங்க முடியுமா என்பதே அவர் கேட்டுக்கொள்ள வேண்டியது.

கணக்கில் நாம் இட்ட 50, 30, 20 என்ற வாய்ப்பு விகிதங்கள் எங்கிருந்து வருகின்றன? இதற்கு அமெரிக்கக் கால்பந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்க் கால்பந்தன்று; பந்தைக் கையில் சுமந்து ஓடும் ஆட்டம். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டக்காரர் ஜேலன் ஸ்மித், 2016ஆம் ஆண்டு டிராஃப்டில் முதல் ஐந்து இடங்களுக்குள் எடுக்கப்படுவார் என்று பேசப்பட்டவர். அவ்வாண்டு ஜனவரி முதல் நாள், கல்லூரி வாழ்வின் இறுதி ஆட்டத்தில், அவருடைய முழங்காலின் இணைப்புத் தசைநார்கள் கிழிந்தன. அதைவிட மோசமாக, பாதத்தைத் தூக்கும் நரம்பும் சேதமுற்றது. தசைநாரைத் தைத்துவிடலாம், நரம்பு தானே வளர வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பதே அதன் வேகம். சில வேளை அது வளராமலும் போகும்.

அணிகள் பின்வாங்கின. முதல் சுற்று முழுதும் கடந்தது. இரண்டாம் சுற்றில், 34ஆவது தேர்வாக, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி அவரை எடுத்தது. பலருக்கு இது சூதாட்டமாகத் தோன்றியது. ஆனால் ஸ்மித்தின் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தவர் டல்லாஸ் அணியின் மருத்துவரே. மூட்டைத் திறந்து நேரில் பார்த்தவர் அவர். மற்ற அணிகளோ ஊடுகதிர்ப் படங்களையும் அறிக்கைகளையும் பார்த்தன. ஒரே ஆபத்து, ஒருவருக்கு இருட்டாகவும் இன்னொருவருக்கு அரையிருளாகவும் இருந்தது. ஸ்மித் 2016 முழுதும் ஆடவில்லை. 2017இல் களமிறங்கி அத்தொடரின் எல்லா ஆட்டங்களிலும் ஆடினார். 2019இல் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுல் போட்டிக்கும் தேர்வானார்.

கதையை இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதன் பிற்பகுதிதான் அதிகம் கற்பிக்கிறது. 2019 ஆகஸ்டில், முழங்கால் தேறிவிட்டது என்ற நம்பிக்கையில், டல்லாஸ் அவருடன் பெருந்தொகைக்கு நீண்டகாலப் புதிய ஒப்பந்தம் செய்தது. இரண்டே ஆண்டுகளில் ஆட்டம் சரிந்தது. 2021 அக்டோபரில் அவரை விடுவித்தது. கால் ஒடிந்திருந்தபோது மலிவாக வாங்கியது பலித்தது. தேறியபின் முழு விலைக்கு வாங்கியது பலிக்கவில்லை.

ஸ்மித் தம் பங்குக்கு ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். கல்லூரியில் ஆடும்போதே, காயத்தால் டிராஃப்டில் இடம் சரிந்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு ஒன்றை எடுத்து வைத்திருந்தார். இருபது வயது இளைஞர் தம் முழங்காலுக்குச் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டை, நாற்பது வயதில் குடும்பச் சுமை தாங்கும் நம்மில் எத்தனை பேர் செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு கட்டுரைக்குரியது.

மீண்டும் புனேவுக்கு வருவோம். 2015இல் சூப்பர் லீக் முதன்முறையாகச் சில இந்திய வீரர்களை ஏலத்தில் விட்டபோது, நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோவை எஃப்.சி. புனே சிட்டி 1.05 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இரண்டு தொடர்கள் அவர் புனேவில் ஆடினார். 2017 ஜூலையில் மும்பையில் டிராஃப்ட் நடந்தபோது ஒவ்வொருவருக்கும் விலை முன்பே குறிக்கப்பட்டிருந்தது. லிங்டோவின் விலை 1.10 கோடி. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அவரை எடுத்தது. முழங்கால் காயம் அத்தொடரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. முந்தைய ஆண்டுச் சாம்பியனான ஏ.டி.கே. பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்தது. அதற்கு இந்த ஒரு காயமே காரணமென்று சொல்லிவிட முடியாதுதான்.

விலை குறிக்கப்பட்ட டிராஃப்டில் பேரம் கிடையாது. அங்கே காயத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி பணமாக வராது, முறையாக வரும். முதல் சுற்றுக்குரியவர் மூன்றாம் சுற்றில் கிடைத்தால் அதுவே தள்ளுபடி. ஆகவே காயம்பட்டவரை முதல் சுற்றில் எடுக்கும் அணி, அவருக்காகக் கொடுப்பது ரூபாயை மட்டுமன்று. அந்த முறையில் எடுத்திருக்கக்கூடிய வேறொரு நல்ல ஆட்டக்காரரையும் சேர்த்துக் கொடுக்கிறது. கைவிட்ட வாய்ப்பின் விலை எந்த ரசீதிலும் அச்சாவதில்லை.

இந்த விலை கண்ணுக்குத் தெரிந்த ஓர் இரவு புனேவில் உண்டு. அது கால்பந்தன்று, கிரிக்கெட். ஆனால் பாடம் ஒன்றே. 2022 பிப்ரவரி 12, 13 நாள்களில் பெங்களூரில் ஐ.பி.எல். பெரு ஏலம் நடந்தது. முதல் நாள் சென்னை சூப்பர் கிங்ஸ், வேகப்பந்து வீச்சாளர் தீபக் சாஹரை 14 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறுநாள் மும்பை இந்தியன்ஸ், இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சரை 8 கோடிக்கு எடுத்தது. முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆர்ச்சர் அவ்வாண்டு ஆடமாட்டார் என்பது அரங்கிலிருந்த எல்லாருக்கும் தெரியும். பின்வரும் ஆண்டுகளில் பும்ராவும் ஆர்ச்சரும் இணைந்து பந்து வீசுவார்கள் என்பது மும்பையின் கணக்கு.

சாஹரோ முழு நலத்துடன் வாங்கப்பட்டவர். எட்டே நாளில், கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியாவுக்கு ஆடும்போது தொடைத் தசையில் காயம். மீண்டுவரும் முயற்சியில் முதுகிலும் காயம். ஒரு நாள் இடைவெளியில் வாங்கப்பட்ட இரு வீச்சாளர்கள், ஒருவர் உடைந்தவர், ஒருவர் முழுமையானவர், 2022 ஐ.பி.எல்லில் இருவரும் ஒரு பந்துகூட வீசவில்லை.

அவ்வாண்டு லீக் ஆட்டங்கள் அனைத்தும் மும்பையிலும் புனேவை அடுத்த கஹுஞ்சே அரங்கிலுமே நடந்தன. ஏப்ரல் 6 அன்று கஹுஞ்சேயில் மும்பை 161 ஓட்டங்கள் எடுத்தது. கொல்கத்தாவுக்குக் கடைசி ஐந்து ஓவர்களில் 35 ஓட்டங்கள் தேவைப்பட்டன. டேனியல் சாம்ஸ் வீசிய பதினாறாவது ஓவரிலேயே அந்த 35உம் வந்துவிட்டன. பாட் கம்மின்ஸ் 14 பந்துகளில் அரைச் சதம் அடித்து, அப்போதைய ஐ.பி.எல். சாதனையைச் சமன் செய்தார். ஆர்ச்சர் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. அதில் 8 கோடி, அவ்வாண்டு பந்து வீசாத ஒருவர் பெயரில் அடைபட்டிருந்தது. கடன் வரம்பில் ஒரு பகுதி முடக்கப்பட்டால் வணிகர் எப்படித் திணறுவாரோ, அதே நிலை. முதல் எட்டு ஆட்டங்களிலும் தோற்ற மும்பை, பத்து அணிகளில் கடைசியாக முடித்தது.

காத்திருந்த பயனாவது கிடைத்ததா? 2022 மே மாதம் ஆர்ச்சரின் கீழ்முதுகில் எலும்பு விரிசல் கண்டறியப்பட்டது. அணி விலை பேசியது முழங்கைக்கு, உடைந்தது முதுகு. விளையாட்டு மருத்துவத்தில் இது புதுமையன்று. முன்பு காயப்பட்ட உடல் மீண்டும் காயப்படும் வாய்ப்பு மிகுதி. ஓர் உறுப்பைக் காக்க உடல் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளும்போது வேறோர் உறுப்பு சுமை ஏற்கிறது. 2023இல் ஆர்ச்சர் ஐந்து ஆட்டங்கள் ஆடி, 2 விக்கெட் எடுத்து, தொடரின் இடையிலேயே விலகினார். மும்பை அவரை விடுவித்தது. சாஹர் 2023இல் மீண்டு வந்து, கோப்பை வென்ற சென்னை அணியில் பந்து வீசினார். அடுத்த பெரு ஏலத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் ஆர்ச்சரை 12.50 கோடிக்கு எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காத்திருந்தவர் ஒருவர், பெற்றவர் இன்னொருவர்.

காலத்தைப் பற்றி நமக்கு நெருக்கமான ஒருவரைக் கொண்டு இன்னொரு செய்தி. மிசோரத்தின் ஜெஜே லால்பெக்லுவா, இளைஞராகப் புனே எஃப்.சி.யில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். பின்னர் சென்னையின் எஃப்.சி.யில் 2015, 2018 ஆகிய இரு கோப்பை வெற்றிகளிலும் பங்காற்றினார். முழங்கால் காயத்தால் 2019-20 தொடர் முழுதும் அவருக்கு இல்லாமற்போயிற்று. 2020இல், அந்தத் தொடரில் கடைசி நேரத்தில் இடம்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அவரை ஒப்பந்தம் செய்தது. செப்டம்பர் இறுதியில் இடம் உறுதியாகி நவம்பரில் ஆட வேண்டிய அணி அது. மூட்டு தேறும்வரை பொறுத்திருக்க அவகாசமில்லை. சில ஆட்டங்களோடு அந்த முயற்சி ஓய்ந்தது. காயம்பட்டவரை வாங்க மிகப் பொருத்தமற்றவர், உடனே வெற்றி தேவைப்படுபவரே. ஆனால் கையில் பணமும் தேர்வும் குறைந்து, மலிவான பெரிய பெயரை நாடும் நிலையிலும் பெரும்பாலும் அவரே இருக்கிறார். ஜெஜே 2023இல் மிசோரம் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒப்பந்தத்தின் வடிவம் இந்த ஆபத்தை ஓரளவு பங்கிடும். மேற்கண்ட கணக்கில் 41 லட்சத்தையும் உறுதித் தொகையாகக் கொடுக்காமல், 15 லட்சத்தை உறுதியாகவும், மீதியை ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவ்வளவு என்றும் வைத்தால், மீளாத நிலையில் அணியின் இழப்பு 15 லட்சத்தோடு நிற்கும். ஆட்டக்காரர் இதை ஏற்க, மீண்டால் 41க்கு மேலும் கிடைக்கும் என்ற ஈர்ப்பு வேண்டும். அதை அவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதே ஒரு தகவல்; தம் முழங்காலைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார்?

இனி நம் வாசகர்களில் சிலர் விரைவில் சந்திக்கக்கூடிய ஒரு கொள்முதல். கடன் தவணை தவறியதால் சர்பாசி சட்டத்தின்கீழ் வங்கிகள் கையகப்படுத்தும் வீடுகளும் கடைகளும் மின்-ஏலத்துக்கு வருகின்றன. அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற தொடர் தவறாமல் இருக்கும். ஊன்றுகோலுடன் நிற்கும் ஆட்டக்காரர்தான் அந்த வீடு. சந்தை மதிப்பைவிடக் குறைந்த அடிப்படை விலையைக் கண்டதும் கை நீள்கிறது. குடியிருப்பவர் காலி செய்தாரா, வீட்டுவசதிச் சங்கத்துக்கும் மாநகராட்சிக்கும் நிலுவை எவ்வளவு, வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பவற்றை அறிந்து, வீட்டில் குடியேற எத்தனை மாதம் ஆகும் என்று கணித்து, அதுவரை தரும் வாடகையையும் முடங்கும் பணத்தின் வட்டியையும் கழித்த பின்னரே, கிடைப்பது தள்ளுபடியா என்று தெரியும். ஏலத்துக்கு முன் சொத்தைப் பார்வையிட நாள் குறிப்பிடப்படும். வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு அன்று நேரில் செல்வது, டல்லாஸ் அணியின் மருத்துவர் மூட்டைத் திறந்து பார்த்ததற்கு ஒப்பானது.

நாளைப் பற்றியும் ஒரு சொல். ஏலத்தில் உங்கள் கேள்வி வென்றால், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 விழுக்காட்டை அன்றோ, மிஞ்சினால் அடுத்த வேலை நாளிலோ கட்டிவிட வேண்டும். விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள் மீதி முழுவதும் சேர வேண்டும். எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளப்பட்டாலொழியக் காலம் நீளாது. தவறினால் கட்டிய பணமும் போகக்கூடும். வீட்டுக் கடன் ஒன்று விண்ணப்பத்திலிருந்து கைக்கு வரப் பதினைந்து நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே இத்தகைய சொத்துக்கு ஏலம் கேட்க எண்ணுபவர்கள், தமக்குக் கடன் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைக் கிளையில் கேட்டு, இயன்றால் கொள்கையளவிலான ஒப்புதலையும் பெற்றுக்கொண்டு, அதன்பின் முன்வைப்புத் தொகையைக் கட்டுவது நல்லது.